சாகத் துணிந்தவருக்குத் தண்டனையா?

நான் வேலையில் இருந்தபோது, கடன் தொல்லையால் உயிரை விடத் துணிந்து பிழைத்த ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலின் ஒரு பக்கம் மனைவி அழுதுகொண்டிருந்தார். மறுபக்கம் போலீஸ்காரர் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு அது. செத்தால் வழக்கில்லை, பிழைத்தால் ஓராண்டு வரை சிறை!

2017 மனநலச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இல்லை. நிம்மதி.

ஆனால் 226-ஆம் பிரிவைப் படித்தீர்களா? அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயன்றால், அதே ஓராண்டு வரை சிறை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் அப்படித் துணிகிறவர் பெரும்பாலும் மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவர். அவருக்கு வேண்டியது வழக்கல்ல, மனுவுக்குப் பதில். இந்தப் பிரிவும் போகட்டும்.