ஏர்போர்ட் ரீல்ஸ் முடிந்த பிறகு... வெளிநாட்டிலிருந்து தத்து வரும் குழந்தைக்கு முதல் வருடம் எப்படி இருக்கும்?

கையில் பலூன், 'வெல்கம் ஹோம்' என்று எழுதிய அட்டை, கண் கலங்கி நிற்கும் தாத்தா பாட்டி. கண்ணாடிக் கதவு திறக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பதி வெளியே வருகிறார்கள். கைதட்டல், பின்னணியில் உருகவைக்கும் பியானோ. முப்பதே நொடி. லைக்ஸ் அள்ளுகிறது.

வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்த குழந்தையை அமெரிக்க, ஐரோப்பியக் குடும்பங்கள் வீட்டுக்கு அழைத்து வரும் இப்படியொரு வீடியோ உங்கள் ஃபீடிலும் எப்போதாவது வந்திருக்கும். அமெரிக்காவில் இந்த நாளுக்குப் பெயரே உண்டு. 'காட்சா டே'. 'உன்னைப் பிடிச்சுட்டோம்ல!' என்கிற மாதிரி அர்த்தம். வருடா வருடம் கேக் வெட்டிக் கொண்டாடும் வீடுகளும் இருக்கின்றன. ஆனால், அப்படிப் போய் வளர்ந்து ஆளானவர்களில் பலருக்கு இந்தப் பெயரே பிடிக்கவில்லை. பெற்றோருக்குக் குழந்தை கிடைத்த நாள் அது. குழந்தைக்கோ, அதுவரை தெரிந்த எல்லாமே கைவிட்டுப்போன நாள்.

வீடியோ முடிந்தது. அடுத்த நாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கும்? இப்போது உலகம் முழுக்க வெளிநாட்டுத் தத்தெடுப்பின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் நேரத்தில், இந்தக் கேள்வி முன்பைவிட முக்கியமாகிறது.

சரிந்துபோன எண்ணிக்கை

2024 செப்டம்பரில் சீன வெளியுறவுத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இனி சீனக் குழந்தைகளை வெளிநாட்டினருக்குத் தத்துக் கொடுக்க மாட்டோம். நெருங்கிய ரத்த உறவுகளுக்கும், வாழ்க்கைத்துணையின் குழந்தையைத் தத்தெடுப்பவர்களுக்கும் மட்டும் விதிவிலக்கு. 1992-லிருந்து 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிய நாடு அது. அதில் ஏறத்தாழ பாதிப் பேர் அமெரிக்கா போனார்கள். 'இவள்தான் உங்கள் குழந்தை' என்று போட்டோ கைக்கு வந்து, கொரோனாவால் பயணம் தடைபட்டு, வருடக்கணக்கில் காத்திருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அது பேரிடி. அவர்களுக்காகக் காத்திருந்த குழந்தைகளுக்கும்தான்.

சீனா மட்டுமல்ல. குவாத்தமாலா 2008-லேயே கதவைச் சாத்தியது. அமெரிக்கர்கள் தத்தெடுக்க ரஷ்யா 2013-ல் தடை போட்டது. எத்தியோப்பியா 2018-ல் நிறுத்தியது. 2004-ல் ஏறத்தாழ 23,000 வெளிநாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்த அமெரிக்காவில், 2023 நிதியாண்டில் அந்த எண்ணிக்கை 1,275. இருபதே வருடத்தில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்குதான் மிச்சம்.

இன்றைக்கும் அந்தக் கதவு வழியாக வரும் குழந்தைகளில் பலர் கைக்குழந்தைகள் அல்ல. தத்தித் தத்தி நடக்கும் வயதிலோ, அதையும் தாண்டியோ வருகிறார்கள். பலருக்கு மருத்துவ உதவி தேவைப்படுகிறது. அதாவது, முதல் வருடம் முன்னைவிடக் கஷ்டமானது.

இரண்டு வயசுக்கு எல்லாம் தெரியும்

'ரெண்டு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும், நாலு நாள்ல பழகிடும்' என்று நாம் சொல்வோம். நாலு நாளில் பழகாது. இரண்டு வயதுக்குள் ஒரு குழந்தைக்குத் தன்னைத் தூக்கும் கையின் வாசனை தெரியும். தூங்கவைக்கும் குரல் தெரியும். 'தண்ணி' என்பதற்கு என்ன சத்தம் எழுப்ப வேண்டும் என்று தெரியும். கஞ்சியின் சூடு, பக்கத்துக் கட்டிலில் படுக்கும் குழந்தையின் இருமல் வரை தெரியும். ஒரே விமானப் பயணத்தில் இது அத்தனையும் காணாமல் போகிறது. ஏன் என்று கேட்க வாயில் வார்த்தை இல்லை. சொன்னாலும் எதிரில் இருப்பவருக்கு அந்த மொழி புரியாது.

அதனால்தான் சில குழந்தைகள் ராத்திரி முழுக்கக் கத்துகிறார்கள். சிலர் அழுவதே இல்லை. பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்து 'எவ்வளவு சமத்து' என்று உறவினர்கள் கொஞ்சுவார்கள். ஆனால் அழுதாலும் யாரும் வராத காப்பகத்தில் வளர்ந்த குழந்தை, அழுவதை விட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட குழந்தை சில மாதங்கள் கழித்து முதல்முறையாக 'வீல்' என்று கத்தி அம்மாவைக் கூப்பிட்டால், அது நல்ல செய்தி. கூப்பிட்டால் ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை வந்துவிட்டது என்று பொருள்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். தட்டு காலியாகும்வரை சாப்பிட்டு, பிறகு ரொட்டித் துண்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும் குழந்தைகள் உண்டு. திட்டிப் பிடுங்கினால் பயம் கூடும். எட்டும் உயரத்தில் எப்போதும் ஏதாவது தின்பண்டம் வைத்துவிடுங்கள் என்றுதான் இந்தக் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள் சொல்வார்கள். 'நாளைக்கும் சாப்பாடு உண்டு' என்பதைப் பேசிப் புரியவைக்க முடியாது. நூறு நாள் தட்டில் வைத்துத்தான் புரியவைக்க முடியும்.

இன்னொன்று, பெற்றோரையே குழப்பும் விஷயம். சில குழந்தைகள் யாரைப் பார்த்தாலும் கை நீட்டித் தாவும். கடைக்காரர், லிஃப்ட்டில் வந்தவர், தபால்காரர், எல்லோரிடமும். 'அட, சட்டுனு ஒட்டிக்கிட்டாளே' என்று சந்தோஷப்படத் தோன்றும். உண்மையில், இன்னும் யாரோடும் ஒட்டவில்லை என்பதன் அடையாளமாகக்கூட அது இருக்கலாம். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் ஆயாக்கள் மாறிய இடத்தில் வளர்ந்த குழந்தைக்கு, எல்லாப் பெரியவர்களும் ஒன்றுதான்.

எனவே முதல் சில மாதங்களுக்குத் தூக்குவது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாவற்றையும் பெற்றோர் மட்டுமே செய்யுங்கள் என்று அறிவுரை சொல்லப்படுகிறது. பாட்டி முத்தம் கொடுக்கலாம். சோறு ஊட்டக் கூடாது. குழந்தையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொஞ்சும் நம்ம ஊர் வீடுகளை நினைத்துப் பாருங்கள். எத்தனை அத்தைகள் கோபித்துக்கொள்வார்கள்! அங்கேயும் கோபித்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

மறந்துபோன மொழி, மறக்காத மூளை

இந்த வயதில் வரும் குழந்தைகள் பிறந்த மொழியை வேகமாக இழந்துவிடுவார்கள். ஆனால் அது முழுசாகப் போய்விடுகிறதா?

கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் ஒரு வயதில் சீனாவிலிருந்து தத்து வந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த 9 முதல் 17 வயதுவரையிலான பெண்களை ஸ்கேன் செய்தார்கள். அவர்களுக்குச் சீன மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் சீன மொழியின் ஏற்ற இறக்க ஒலிகளைக் கேட்டபோது, அவர்களின் மூளை, சீன மொழி பேசுபவர்களின் மூளை மாதிரியே வேலை செய்தது. பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்தவர்களின் மூளை அப்படிச் செய்யவில்லை.

'குழந்தை தானே, பழசெல்லாம் மறந்துடும்' என்பதற்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை. பழைய பெயரைக் கூடவே வைத்திருப்பது, பிறந்த ஊரின் சாப்பாட்டை வாரம் ஒருமுறையாவது சமைப்பது, பழகிய தாலாட்டை யூடியூபில் தேடிப் போடுவது... இதெல்லாம் சும்மா அழகுக்கு அல்ல.

நேரமும் ஒரு மருந்து

1989-ல் ருமேனியாவில் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது, காப்பகங்களில் கிடந்த குழந்தைகளை உலகம் பார்த்து அதிர்ந்தது. அங்கிருந்து பிரிட்டனுக்குத் தத்து போன 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாத வயதுக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் மற்ற குழந்தைகளுக்கு ஈடாக வளர்ந்துவிட்டார்கள். அதற்குமேல் காப்பகத்தில் இருந்தவர்களில் பலருக்குச் சிக்கல்கள் பெரியவர்களான பிறகும் தொடர்ந்தன. ஆனால் எல்லோருக்கும் அல்ல. அன்பான வீடு நிறைய சரிசெய்யும். அன்பு இருந்தால் எல்லாமே தானாகச் சரியாகிவிடும் என்பது மட்டும் பொய்.

இந்தப் பொய்யை நம்பினால் என்ன ஆகும்? 2020-ல் ஒரு அமெரிக்க யூடியூப் தம்பதியின் விஷயம் வைரலானது. மூன்று வருடங்களுக்கு முன் சீனாவிலிருந்து ஒரு பையனைத் தத்தெடுத்தவர்கள். தத்தெடுப்புப் பயணத்தையும் அவன் வீட்டுக்கு வந்த நாளையும் வீடியோவாகப் போட்டார்கள். சேனல் வளர்ந்தது. பிறகு அவன் வீடியோக்களில் தென்படவில்லையே என்று பார்வையாளர்கள் கேட்க, வேறொரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டோம் என்று கண்ணீரோடு சொன்னார்கள். எதிர்பார்த்ததைவிட அதிக உதவி தேவைப்படும் குழந்தையாம். எல்லோரும் அவர்களைத் திட்டித் தீர்த்தோம். ஆனால் அந்த வீடியோக்களைப் பார்த்து, லைக் போட்டு, சேனலை வளர்த்ததும் நம்மைப் போன்ற பார்வையாளர்கள்தான். ஒட்டுவதற்கே நேரம் தேவைப்படும் குழந்தையின் முன்னால் கேமராவை வைத்தால், யாருக்காகச் சிரிக்க வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

ஃபைலில் எழுதிய கதை

கதவுகள் சாத்தப்படுவதற்கும் இதே மாதிரியான காரணம் இருக்கிறது. பெரியவர்களுக்கு வசதியாகக் கதை எழுதப்பட்டது.

தென் கொரியா கடந்த எழுபது ஆண்டுகளில் சுமார் 2 லட்சம் குழந்தைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பியதாகக் கணக்கிடப்படுகிறது. பெற்றோர் உயிரோடு இருந்தும் 'அநாதை' என்று பதிவு செய்தது, ஒரு குழந்தையின் அடையாளத்தில் இன்னொரு குழந்தையை அனுப்பியது போன்றவை நடந்ததாக அந்நாட்டின் உண்மை கண்டறியும் ஆணையம் 2025 மார்ச்சில் சொன்னது. அக்டோபரில் அதிபர் லீ ஜே மியுங் மன்னிப்புக் கேட்டார். நெதர்லாந்து 2021-ல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்ததும் இதுபோன்ற விசாரணைக்குப் பிறகுதான். அந்த விசாரணைப் பட்டியலில் இலங்கையும் இருந்தது. 1980-களில் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகளில் சிலரின் விஷயத்தில், பெற்ற தாயாக நடிக்க வேறு பெண்களை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது பின்னாளில் தெரியவந்தது. இன்று நாற்பது வயதில் அம்மாவைத் தேடிக் கொழும்பு வந்து இறங்குபவருக்கு, கையில் இருக்கும் ஒரே ஆதாரமே பொய்.

அமெரிக்காவில் இன்னொரு கொடுமை. தத்துக் குழந்தைகளுக்குத் தானாகவே குடியுரிமை தரும் சட்டம் 2001 பிப்ரவரியில்தான் அமலுக்கு வந்தது. அன்றைக்கே 18 வயது முடித்திருந்தவர்களுக்கு அது பொருந்தாது. பெற்றோர் விண்ணப்பிக்க மறந்ததால் குடியுரிமை இல்லாமல் போய், மொழியே தெரியாத பிறந்த நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

நம்ம ஊருக்கு இதில் என்ன?

இந்தியாவில் 2024-25-ல் 4,515 குழந்தைகள் தத்துப் போனார்கள். அவர்களில் 4,155 பேர் நாட்டுக்குள்ளேயே. வெளிநாட்டுக்குப் போகும் குழந்தையைப் பற்றி இரண்டு வருடங்களுக்கு அறிக்கை வர வேண்டும்: முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று. நல்ல விதி. ஆனால் ஜார்க்கண்டிலிருந்து சென்னைக்குத் தத்து வரும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் மொழி, சாப்பாடு, குரல் எல்லாமே மாறுகிறதே? அதற்கும் அது 'வெளிநாடு'தான்.

அந்த அம்மாவுக்குக் குழந்தையோடு இருக்க லீவ் கிடைக்குமா? 2017 மகப்பேறு சட்டத் திருத்தம், தத்தெடுத்த தாய்க்கு 12 வாரம் விடுப்பு தந்தது. நிபந்தனை: குழந்தை மூன்று மாதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதாக இருந்தது. கைவிடப்பட்ட குழந்தையைச் சட்டப்படி தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கவே இரண்டு மாதங்கள் வரை ஆகும். அப்புறம் எப்படி? இந்த நிபந்தனையை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போனதில் ஆச்சர்யமே இல்லை. பாலுக்கு அழும் குழந்தைக்குத்தான் அம்மா தேவை, ராத்திரி பயந்து எழும் இரண்டு வயதுக்குத் தேவையில்லை என்று நினைத்து எழுதியதுபோல இருந்தது அந்த விதி.

இது எதுவும் 'தத்தெடுக்காதீர்கள்' என்று சொல்வதற்காக அல்ல. காப்பகத்தில் கிடப்பதைவிட ஒரு குடும்பம் ஆயிரம் மடங்கு நல்லது. அதைத்தான் ருமேனியாவின் குழந்தைகளும் நிரூபித்தார்கள். ஆனால் தத்தெடுப்பு ஆணையில் கையெழுத்தான நாளில் பெரியவர்களுக்குத் தத்தெடுப்பு முடிகிறது. குழந்தைக்கு அன்றுதான் தொடங்குகிறது. விசா, ஃபைல், லீவ், கேமரா எல்லாமே முதல் நாளைச் சுற்றியே இருக்கின்றன. முதல் வருடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உங்கள் நண்பரோ, அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வந்தால், உடனே தூக்கிக் கொஞ்சாதீர்கள். ஸ்டோரி போடாதீர்கள். ஒரு டப்பாவில் சாப்பாடு கொண்டுபோய்க் கதவருகே வைத்துவிட்டு வாருங்கள். முக்கியமாக, குழந்தையைப் பார்த்து 'நீ ரொம்ப லக்கி' என்று மட்டும் சொல்லாதீர்கள். வீடு கிடைப்பது எந்தக் குழந்தைக்கும் லாட்டரி அல்ல. அதற்காக அது வாழ்நாள் முழுக்க யாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை.