சரித்திரப் பதிவேடு

குற்றவாளியின் வாயிலிருந்தே அவனுடைய ஜீவிய சரித்திரத்தைக் கேட்டெழுதி, அதனைக் கொண்டு மற்றக் குற்றவாளிகளைப் பிடிக்கும் மார்க்கத்தை இந்நாட்டில் ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர், 1830-களில் ஜபல்பூர்ப் பிரதேசத்தில் தக்கர்களை வேட்டையாடிய வில்லியம் ஸ்லீமன் என்னும் ஆங்கில அதிகாரி. வழிப்போக்கரோடு சிநேகம் பாராட்டிக் கூடவே நடந்து, சமயம் வாய்த்ததும் துணியால் கழுத்தை நெரித்துப் புதைத்துவிடும் அக்கூட்டத்தார் விஷயத்தில் கண்ட சாட்சியும் இல்லை, பிரேதமும் இல்லை. ஆகவே, பிடிபட்டோரில் சிலருக்கு உயிர்ப்பிச்சை அளித்து அப்ரூவர்களாக்கி, எந்த யாத்திரையில் யார் உடன் வந்தார், எந்தத் தோப்பில் யாரைப் புதைத்தார், யாருக்கு யார் தகப்பன், யார் மைத்துனன் என்பதையெல்லாம் அவர் விசாரித்துக் குறித்துக்கொண்டதோடு, வம்சாவளிகளையும் வரைந்து வைத்தார். பிரிங்கியா என்ற தலைவன், ஸ்லீமன் தம் மனைவியுடன் கூடாரமடித்திருந்த மாந்தோப்பிலேயே புதைகுழிகளைக் காட்டினான். தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன.

இம்முறையின் பிரயோஜனத்தை நான் மறுக்கவில்லை. (தன் தலைக்காகப் பேசுகிறவன் கேட்பவர் மனத்துக்கு உகந்ததையும் சேர்த்தே சொல்வான் என்பது வேறு விஷயம்.) ஆனால் எலும்பைக் காட்டிய வாக்குமூலத்துக்கு இருந்த நிரூபணம் வம்சாவளிக்கு இல்லை, இன்னானுக்கு இன்னான் மகன் என்பது உறவேயன்றிக் குற்றமாகாது. 1836-ஆம் ஆண்டுச் சட்டமோ, குறிப்பிட்ட கொலை ஒன்றை நிரூபிக்காமலே, தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதற்காகவே ஆயுள் தண்டனை விதிக்க இடங்கொடுத்தது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்து, சமூகங்களையே பதிவேட்டில் ஏற்றியது. அது 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் பரவி, கைரேகைச் சட்டம் என்று மக்கள் வாயில் வழங்கி, அதனை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடக்கும்வரை போயிற்று. 1947-இல்தான் இம்மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று.

சட்டம் நீங்கினாலும் பதிவேடு நீங்கவில்லை. இன்றும் காவல் நிலையங்களில் 'சரித்திரப் பதிவேடு' என்று ஒன்று உண்டு. அதிலுள்ளவன் வீட்டுக் கதவை இரவில் தட்டும் அதிகாரத்தைக் கரக் சிங் வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2024 மே மாதத்திலோ, டெல்லிப் பதிவேடு ஒன்றில் மைனர் பிள்ளைகளின் விவரங்களும் ஏறியிருந்த வழக்கில், அத்தகைய விவரங்களும் சாதித் துவேஷமும் இடம்பெறலாகாதென்பதை எல்லா மாநிலங்களும் கவனிக்க வேண்டுமென்று கூறிற்று.

இது போதாது என்பேன். பத்து வருஷத்துக்கு முன் செயின் பறித்தவன் இன்று யாரிடம் லாரி ஓட்டுகிறான், பழைய கூட்டாளிகளோடு போக்குவரத்து உண்டா இல்லையா என்பதை எழுதாமல், பழைய வழக்கு எண்களையே வருஷாவருஷம் பிரதி எடுக்கும் ஏட்டினால் துப்பும் துலங்காது. அவன் பெயரை மேலும் ஒரு வருஷம் வைத்திருக்க விரும்பும் இன்ஸ்பெக்டர், அவ்வருஷத்தில் தாம் கண்டறிந்த காரணத்தை எழுதிக் கையெழுத்திடட்டும். எழுதக் காரணமில்லையேல் பெயரை அடித்துவிட்டு, அந்தச் செய்தியை அவனுக்கும் தெரிவிக்கட்டும்.