கூரை தந்த மண்ணுக்குக் களம் எங்கே?

அரசியல் பேசும் இந்தப் பகுதியிலே ஓட்டப் பந்தயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். யார் ஓடுவது, யார் ஓரத்தில் நின்று பார்ப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது? எந்த முறைப்படி அது செலுத்தப்படுகிறது? முடிவு தவறானால் எந்தக் கதவைத் தட்டுவது? இவை அரசியல் கேள்விகள் அல்லவென்றால், வேறு எவைதாம் அரசியல் கேள்விகள்?

கூரையின் கீழே நடைபெறும் தடகளப் போட்டி, குளிர் நாட்டார் கண்ட ஏற்பாடு. பனி கொட்டும் மாதங்களில் வெட்டவெளியிலே ஓட இயலாதவர்கள், மண்டபத்துக்குள்ளே பாதை அமைத்துக்கொண்டார்கள். அது வளர்ந்து ஆசியப் போட்டியாயிற்று, உலகப் போட்டியாயிற்று. நம் நாட்டிலும் அந்தக் காலம் பிறந்திருக்கிறது. புவனேசுவரத்தில், கலிங்கா விளையாட்டரங்க வளாகத்திலே, 2024ஆம் ஆண்டு உள்ளரங்கத் தடகள அரங்கம் திறக்கப்பட்டது. விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த பிறகு வந்ததுதான். எனினும் வந்ததை வரவேற்போம். ஒடிசா மாநில அரசு முனைந்து எழுப்பிய அரங்கம் அது. ஒரு மாநிலம் மனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்று அது.

இனித் தேசிய உள்ளரங்கப் போட்டி என்றும், அதிலே காட்டும் திறனைக் கொண்டு அணித் தேர்வு என்றும் பேச்சு எழும்போதெல்லாம், பெரம்பலூரிலும் அரியலூரிலும் இருக்கும் தோழர்கள் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தத் தேர்வு உண்மையில் எங்கே தொடங்குகிறது?

உள்ளரங்கப் பாதை, நாம் காணும் மைதானத்தின் சிறிய வடிவம் மட்டுமன்று. வெளியிலே ஒரு சுற்று 400 மீட்டர். உள்ளே 200 மீட்டர். வளைவுகள் கிண்ணத்தின் விளிம்புபோல் சாய்வாக உயர்த்தப்பட்டிருக்கும். அந்தச் சாய்விலே உடலை எப்படிச் சாய்ப்பது, நெருங்கி வரும் தோள்களுக்கிடையே எப்படி இடம் பிடிப்பது என்பதெல்லாம் கால்கள் பழகிப் பழகிக் கற்க வேண்டிய பாடம். 100 மீட்டர் ஓட்டம் அங்கே கிடையாது, 60 மீட்டர்தான். புறப்பாட்டிலே பின்தங்கியவன் ஈடுகட்டிக்கொள்ள அங்கே தூரம் மிச்சமிராது. ஈட்டி எறிய, வட்டு எறிய இடமில்லை. காற்று உதவிற்று, காற்று தடுத்தது என்ற பேச்சுக்கும் இடமில்லை. இத்தகைய களத்தைக் கண்ணாலும் காணாத ஒரு பெண்ணை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அழைத்துச் சென்று, முதல் நாளே ஓடச் சொல்லி, "தரம் போதாது" என்று ஏட்டிலே குறித்தால், குறைந்தது அவள் தரமா, தேர்வின் தரமா?

தமிழ்நாட்டிலே திறமைக்குப் பஞ்சமில்லை. 2023 பிப்ரவரியில் அஸ்தானாவில் நடந்த ஆசிய உள்ளரங்கப் போட்டியில், நீளம் தாண்டுதலில் ஜெஸ்வின் ஆல்ட்ரின், மும்முறை தாண்டுதலில் பிரவீன் சித்ரவேல், கோலூன்றித் தாண்டுதலில் பவித்ரா வெங்கடேஷ் ஆகிய தமிழ்நாட்டவர் மூவரும் வெள்ளிப் பதக்கம் வென்று வந்தனர். புவனேசுவரத்து அரங்கம் அப்போது திறக்கப்படவே இல்லை. வெயிலிலே பழகி, குளிர் நாட்டுக் கூரையின் கீழே வென்றார்கள். வாய்ப்பு இல்லாதபோதே இவ்வளவு என்றால், வாய்ப்புக் கிடைத்தால் எவ்வளவு!

இப்போது நம் மண்ணைப் பார்ப்போம். பெரம்பலூர், திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பிரிந்தது. அரியலூர், 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடி தனித்து நின்றது. ஒரு புறம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும். மறு புறம் சுண்ணாம்புக் கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடலாக இருந்த அந்தப் பூமியின் வயிற்றைக் கீறியெடுத்த கல்தான் அரியலூர் ஆலைகளிலே சிமெண்டாகிறது. எத்தனையோ ஊர்களின் மாளிகைக்கும் மண்டபத்துக்கும் கூரையாகி நிற்கிறது. தூசு மட்டும் இங்கே தங்கிவிட்டது. லாரிகள் போகும் சாலையோரத்துப் பிள்ளைகள் அதைத்தான் மூச்சாக இழுக்கிறார்கள். ஊருக்கெல்லாம் கூரை தந்த மண், தன் பிள்ளை ஓடிப் பழக ஒழுங்கான களம் கேட்டால் அது பேராசையாகுமா?

களம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அரியலூரே விடை சொல்லும். அந்த மண்ணின் மைந்தர் கார்த்தி செல்வம், கோவில்பட்டிக்குச் சென்று ஆக்கி பயின்றார். 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக முதன்முதல் களமிறங்கி, பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலடித்தார். 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் இடம்பெற்றார். பெருமைப்படுகிறோம். ஆனால், கோவில்பட்டி வரை போக வழி தெரியாமல், வழி தெரிந்தும் செலவுக்கு வகையில்லாமல், செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் வேப்பந்தட்டையிலும் நின்றுவிட்ட கால்கள் எத்தனை என்று எந்தப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லையே! தேர்வாளர் மேசைமுன் அமருமுன்னரே முடிந்துவிடும் தேர்வு அது. அதற்குத் தேதியில்லை, அறிவிப்பில்லை, மேல்முறையீடும் இல்லை.

கடிகாரத்தின் கதையையும் கேளுங்கள். சிற்றூர்ப் போட்டிகளிலே ஆசிரியர் ஒருவர் துப்பாக்கி ஓசை கேட்டுக் கைக்கடிகாரத்தை அழுத்துகிறார். கையின் வேகத்துக்கும் மின்கருவியின் வேகத்துக்கும் வேறுபாடுண்டு. 100 மீட்டர் ஓட்டத்தில் கைக்கணக்கோடு 0.24 நொடியைக் கூட்டித்தான் ஒப்பிடுவது வழக்கம். உலகப் போட்டிக்கான தகுதி நேரமாகக் குறுந்தூர ஓட்டங்களில் கைக்கணக்கை ஏற்பதே இல்லை. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா பதக்கத்தை இழந்தது நொடியின் நூற்றில் ஒரு பங்கால் அன்றோ! நூற்றில் ஒரு பங்கு விதியை முடிவு செய்யும் உலகத்தில், மாவட்டப் போட்டியிலே மின்கருவி இல்லையென்றால், அங்கே ஓடிய பிள்ளை ஓடியதாகவே கணக்கில்லை.

சரி, இத்தனையும் தாண்டி ஒருத்தி தேசியக் களத்தை எட்டிவிட்டாள் என்றே கொள்வோம். அங்கே முறை எப்படி? இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, பாட்டியாலா, 2021 ஜூலை. டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டத்துக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்க வெளிப்படையாக ஓட்டம் வைத்தனர். புகழ்பெற்றவர்களும் ஓடினர், பேர் தெரியாதவர்களும் ஓடினர். முதலில் வந்தவர், பாட்டி வளர்த்த பிள்ளையாக, காலணியின்றி ஓடிப் பழகிய மதுரை சக்கிமங்கலத்து ரேவதி. நேரம் 53.55 நொடி. அடுத்து வந்தவர்கள் திருச்சிப் பகுதியைச் சேர்ந்த சுபாவும் தனலட்சுமியும். மூன்று இடமும் தமிழ்நாட்டுக்கு! எவரும் சிபாரிசு செய்யவில்லை, கடிகாரம் செய்தது. ரேவதியும் சுபாவும் ஒலிம்பிக்கில் ஓடினார்கள்.

மற்றொன்று, 2017. பாலக்காட்டு மாவட்டத்துப் பி.யூ. சித்ரா, புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். ஆசியத் தங்கம் வென்றவருக்கு இலண்டன் உலகப் போட்டியிலே நுழைய உரிமையுண்டு. ஆயினும் தடகளச் சம்மேளனத்தின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கேரள உயர்நீதிமன்றத்தை அணுகினார். அவரைச் சேர்க்குமாறு நீதிமன்றம் கூறிற்று. அதற்குள் கெடு முடிந்துவிட்டது என்று உலக அமைப்பு மறுத்துவிட்டது. நீதி வென்றது, ஓட்டம் போயிற்று. அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலமும், 2019இல் தோகாவில் மீண்டும் ஆசியத் தங்கமும் வென்று, பேச வேண்டிய மறுமொழியை அவர் காலாலே பேசினார். ஆனால் 2017 இலண்டன் மீண்டும் வருமா?

அதே 2017தான், 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவக் கல்லூரியின் கதவு திறக்காமல், உச்சநீதிமன்றம் வரை சென்றும் நீதி கிட்டாமல், குழுமூர் அனிதாவை அரியலூர் மாவட்டம் பறிகொடுத்த ஆண்டு. தேர்வு என்ற சொல்லின் சுமையை இந்த மண்ணுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"தரமற்றவர்களை அனுப்பி மானத்தை வாங்கச் சொல்கிறீர்களா? பொதுப் பணம் வீணாகாதா?" என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்விதான். வட்டாரத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கித் தாருங்கள் என்றோ, தோற்றவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றோ நாம் கேட்கவில்லை. தரத்தை வையுங்கள், உயரமாகவே வையுங்கள். ஆனால் பருவம் தொடங்குமுன் அறிவித்து வையுங்கள். ஓடி முடித்த பிறகு கோட்டை நகர்த்தாதீர்கள். நாம் கேட்பது சலுகையன்று, கடிகாரம்!

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை விளையாட்டை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. மைதானமும் பள்ளியும் விடுதியும் மாநிலத்தின் செலவு. அணியின் பட்டியலோ எங்கோ மூடிய அறையில். 2025இல் வந்த தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், விளையாட்டு வழக்குகளுக்கென ஒரு தீர்ப்பாயத்துக்கு வழி செய்திருக்கிறது. நல்லது. ஆனால் அணி புறப்படுவதற்குள் தீர்ப்பு வருமா என்பதே அதன் உரைகல். கெடு முடிந்தபின் கிடைக்கும் தீர்ப்பு, பேருந்து போன பிறகு கிடைக்கும் பயணச் சீட்டு.

ஆகவே, வேண்டுவன இவை. தேர்வு விதிகள் முன்கூட்டியே தமிழிலும் வெளிவர வேண்டும். முடிவு அன்றைக்கே பலகையில் ஏற வேண்டும். நீக்கப்பட்டவருக்கு எழுத்திலே காரணம் தரப்பட வேண்டும். மாவட்டப் போட்டிகளுக்கு மின்கருவி வர வேண்டும். உள்ளரங்கத் தேர்வுக்குச் செல்வோருக்கு, தேர்வு நாளுக்கு முன்னரே அந்தப் பாதையில் ஒரு வாரம் பழகும் வாய்ப்பும் வழிச்செலவும் வேண்டும். பெரம்பலூரில் இருக்கும் மகளிர் விளையாட்டு விடுதி போன்றவற்றில் பயிலும் பிள்ளைகளே இந்த வாய்ப்புக்கு முதல் உரிமையுடையோர். இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். சுரங்கம் நடத்துவோர் செலுத்தும் தொகையைக் கொண்டு மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்க 2015இல் சட்டம் வந்தது. கல்லைக் கொடுத்த ஊருக்கு அந்த நிதியிலே ஓர் ஓடுபாதையையும் கொடுக்கட்டும்!

அரசுக்குச் சொன்னதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா, தோழர்களே? ஒன்றியந்தோறும் உள்ள பள்ளி மைதானங்களைச் சுற்றிப் பாருங்கள். எது முட்புதராயிற்று, எதிலே கட்டடம் முளைத்தது, எதிலே குழந்தைகள் ஓடுகிறார்கள் என்று எழுதி வையுங்கள். நம் பொதுக்கூட்ட மேடைக்கென்று ஓடுபாதையிலே குழி தோண்டாதீர்கள். எந்தக் கட்சி தோண்டினும் தடுத்து நில்லுங்கள். மாவட்டப் போட்டியிலே வென்ற பிள்ளை திருச்சிக்கோ சென்னைக்கோ போகும் நாளில், வாழ்த்துச் சுவரொட்டிக்கு ஆகும் செலவைப் பயணச் சீட்டாக்கிக் கொடுங்கள். பெண் பிள்ளை என்றால், வீட்டாரிடம் பேசித் துணைக்கு ஒருவரையும் அனுப்புங்கள்.

குன்னத்திலோ தா.பழூரிலோ இன்று மாலை ஒரு சிறுமி செம்மண் தரையிலே ஓடிக்கொண்டிருப்பாள். அவள் எவ்வளவு விரைவாக ஓடுகிறாள் என்பது அவளுக்கும் தெரியாது, நாட்டுக்கும் தெரியாது. அளந்து பாருங்கள் என்பதே நம் கோரிக்கை. அளந்த பிறகு அவள் தோற்றால், தோல்வி அவளுடையது, ஏற்றுக்கொள்வாள். அளக்காமலே விட்டால், அந்தத் தோல்வி நாட்டினுடையது.