வேர்டு ஃபைலை நம்பாதீர்கள்!

ஸ்கேன் செய்து ஓசிஆர் ஓட்டி முடித்ததும் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். வேர்டா, வெறும் டெக்ஸ்டா, பிடிஎஃப்பா? பலரும் இதற்கு ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. "வேர்டுல போட்டுடலாம், அப்புறம் திருத்திக்கலாம்!" அந்தத் 'திருத்திக்கலாம்' என்பதில்தான் மொத்த ஆபத்தும் இருக்கிறது.

கல்லூரி நோட்ஸ் என்றால் பரவாயில்லை. ஆனால் தருமபுரி மாவட்டம் வத்தல்மலையில் வாழும் ஒரு மலையாளிக் குடும்பத்தின் காகிதங்களை நினைத்துப் பாருங்கள். (மலையாளி என்றதும் கேரளாவுக்கு ஓட வேண்டாம். இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் பழங்குடியினர்.) 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பழங்குடியினர் வன நிலத்துக்கு உரிமை கோர வேண்டுமானால், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அது அவர்கள் அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு போன்றவையும் இதற்குச் சான்றுகள். மங்கிப்போன ரசீதில் இருக்கும் 2003ஐ ஓசிஆர் 2008 என்று படித்துவிட்டால்? ஒரே ஓர் எண்தான். சான்று செல்லாக்காசு!

எழுத்துப் பிழை கண்ணில் படும். எண் பிழை படவே படாது. மூலப் படத்தையும் அழித்துவிட்டு, காகிதத்தைக் கரையானும் அரித்துவிட்டால், எதை வைத்துச் சரிபார்ப்பது?

தமிழில் சிக்கல் இன்னும் அதிகம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை எல்லாம் துதிக்கை போன்ற கொம்போடு இருக்கும். புது எழுத்தில் பழகிய மென்பொருள் அங்கே தடுமாறும். கையெழுத்துப் பத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

மனிதர்களின் 'உதவி' இன்னொரு பக்கம். 1965 அக்டோபர் 2இல்தான் தருமபுரி தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் சேலம் ஜில்லா. பழைய காகிதத்தில் சேலம் என்று இருப்பதைப் பார்த்து, "தப்பா இருக்கே" என்று யாரோ ஒரு புண்ணியவான் வேர்டில் தருமபுரி என மாற்றினால் போதும். உண்மையான ஆவணமே பொய்யாகிவிடும்!

சரி, பிடிஎஃப் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாமா? கூடாது. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேனில் எண்களையே மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் அறையும் 17.42 சதுர மீட்டர் அறையும் 14.13 ஆகிவிட்டன! அதில் ஓசிஆரே கிடையாது. ஃபைலைச் சுருக்குவதற்காக, ஒன்று போலத் தெரிந்த உருவங்களை ஒன்றாகவே ஆக்கிய முறைதான் காரணம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

300 டிபிஐயில் கலரில் ஸ்கேன் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளையில் ஊதா முத்திரை காணாமல் போகும். டிஃப் வடிவத்தில் ஒரு மூலப் பிரதி கட்டாயம். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். தேடுவதற்கு, படத்துக்கு அடியில் யூனிகோட் எழுத்தை மறைத்து வைக்கும் பிடிஎஃப். நீண்ட காலம் காப்பதற்கென்றே 2005இல் ஐஎஸ்ஓ தரமான பிடிஎஃப்/ஏ இருந்தால் இன்னும் நல்லது. ஓசிஆர் தவறாகப் படித்தாலும் தேடல்தான் தவறும், ஆவணம் தவறாது.

"டிஃப் இடத்தை அடைக்குமே, இணையதளத்தில் சின்ன ஃபைல்தானே ஏற்றச் சொல்கிறார்கள்?" என்று கேட்கலாம். பெரியதிலிருந்து சின்னதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சின்னதிலிருந்து பெரியதை யாராலும் எடுக்க முடியாது.

வேர்டே வேண்டாம் என்பதல்ல வாதம். தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களை ஓசிஆர் செய்து மெய்ப்புப் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே எழுத்துக்குப் பக்கத்திலேயே ஸ்கேன் பக்கமும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒப்பிடலாம். புத்தகத்துக்கே அவ்வளவு கவனம் என்றால், ஒரு குடும்பத்தின் நிலத்துக்கு எவ்வளவு வேண்டும்?

ஓசிஆர் தருவது ஓர் ஊகம். படம்தான் சாட்சி. ஊகத்தை வைத்துக்கொண்டு சாட்சியை அழிக்காதீர்கள்!