கானகமும் விருந்தினர் கடமையும்

விருந்து புறந்தருதலை இல்லறத்தின் தலையாய கடமையாகப் போற்றுவது தமிழ் மரபு. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின், விருந்தேற்பவனுக்கும் கடமை உண்டு என்பதனை நாம் அத்துணை அழுத்தமாகப் பேசுவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனையும் வரையறுத்துக் கூறினார்கள். விருந்து மூன்று நாள் அளவினது. வீட்டாரை இடர்ப்படுத்தும் வரையில் தங்கியிருத்தல் விருந்தினர்க்கு ஆகாது என்பது அவர்களின் போதனையாகும். இவ்வறம் மனிதர் வீட்டிற்கு மட்டுமன்றிக் கானகத்திற்கும் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

காட்டினுள் தங்கி இயற்கையை நுகர விழைவோர்க்கெனச் ‘சூழலியல் விடுதி’ என்னும் பெயரில் தங்குமனைகள் உலகெங்கும் பெருகியுள்ளன. இவற்றுள் மெய்யானது எது, போலியானது எது என அறிய ஓர் உரைகல் வேண்டும். தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டிலுள்ள சலாலான் விடுதியை அத்தகைய உரைகல்லாகக் கொள்ளலாம்.

அமேசான் ஆற்றுப் படுகையின் மேற்பகுதியில், ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய மதிதி தேசியப் பூங்கா 1995இல் நிறுவப்பட்டது. அதனுள், துயிச்சி ஆற்றங்கரையில், கெச்சுவா, தக்கானா மரபினர் வாழும் சான் ஹோசே என்னும் சிற்றூர் உள்ளது. பள்ளியும் மருத்துவமும் பிழைப்பும் போதாமையால் 1990களின் தொடக்கத்தில் குடும்பங்கள் பல அவ்வூரை விட்டு அகன்றன. மரம் வெட்டுவோரின் கோடரியோ காட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்நிலையில் ஊரார் கூடி எடுத்த முடிவே சலாலான் ஏரிக்கரை விடுதி. வெளிநாட்டு நிறுவனங்கள் நிதியும் பயிற்சியும் நல்கின. 2001இல் விடுதி முழுவதும் ஊராரின் உடைமையாயிற்று. காட்டு மரமும் பனையோலையும் கொண்டு குடில்கள் எழுந்தன. கதிரவன் ஒளியினின்று மின்சாரம் பெறப்பட்டது. படகு செலுத்துவோரும் சமைப்போரும் காட்டுவழி காட்டுவோரும் அம்மண்ணின் மக்களே. வருவாயில் ஒரு பங்கு ஊர்ப் பொதுநலனுக்குச் சென்றது.

இங்கே விருந்தோம்புபவர் காட்டுக்கு உரியவர். காடு நின்றால்தான் அவர்க்கு வாழ்வு. ஆகவே காட்டைக் காத்தல் அவர்க்குப் பிறர் இட்ட கட்டளையன்று. தம் வீட்டைத் தாமே காத்தலாகும். விருந்தினனும் ஒன்று கற்கிறான். கதிரொளி தந்த மின்சாரம் அளவுடையது. ஆற்றைக் கடந்து வந்த அரிசியும் அளவுடையது. நகரத்தில் குழாயைத் திருகியவுடன் மறந்துபோகும் கணக்கு அங்கே கண்முன் நிற்கிறது. ஓடும் ஆற்றின் கரையில் ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயத்தினர்க்கு இப்பாடம் புதிதன்று, நினைவூட்டலே.

இனி, நம் மலைகளை நோக்குவோம். இங்கும் இப்பெயர்ப் பலகைகள் குறைவின்றித் தொங்குகின்றன. ஆயின் யானை நடக்கும் வழியில் மதிலும் மின்வேலியும் எழுப்பிவிட்டு, இயற்கையின் மடியில் இருக்கிறோம் என்பது என்ன நியாயம்? நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகளின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வழித்தடத்தைக் காக்கத் தமிழக அரசு 2010இல் வெளியிட்ட ஆணை செல்லும் என 2020 அக்டோபரில் தீர்ப்பாயிற்று. வீட்டுக்குரியவனை வெளியேற்றிவிட்டு உள்ளே அமர்பவனை விருந்தினன் என எவரும் கூறார்.

“சலாலானுக்குக் கடல் கடந்து வானூர்தியில் செல்வோர் எரிக்கும் எரிபொருளின் கணக்கு என்னாவது?” என்று மாணவர் வினவலாம். நேரிய வினாவே. விடுதியின் வாயிலோடு நின்றுவிடும் தன்னிறைவு முழுமையான தன்னிறைவு ஆகாது. ஆதலின் நாம் பொலிவியாவுக்குச் செல்ல வேண்டியதில்லை; அந்நெறியை இங்கே கொணர்தலே தக்கது. அண்டையிலுள்ள தேக்கடியில், ஒரு காலத்தில் காட்டினுள் களவாக மரப்பட்டை உரித்தோர், 1998 முதல் வனத்துறையோடு இணைந்து, காடு காண்போர்க்கு வழிகாட்டிகளாயினர். காட்டை அறிந்த கைகளே காட்டைக் காக்கும் கைகளாயின.

ஆண்டுதோறும் நம் கல்லூரிகளினின்று கல்விச் சுற்றுலாப் பேருந்துகள் மலையேறுகின்றன. புறப்படுமுன் ஆசிரியரும் மாணவரும் தங்கவிருக்கும் இடத்தைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். நீரும் ஒளியும் எங்கிருந்து வருகின்றன? கழிவு எங்கே போகிறது? நாம் தரும் பணம் எவர் கைக்குச் சேர்கிறது? தக்க விடை கிட்டாத இடத்தில் கட்டணம் எத்துணைக் குறைவாயினும் தங்கலாகாது.

பூமி நமக்கு உடைமையன்று, அமானிதம். ஒப்படைக்கப்பட்ட பொருளைக் குறைவின்றித் திருப்பித் தருதல் முஃமினின் கடமை. கானகத்தில் ஓர் இரவே தங்கினும், விடியலில் நாம் விட்டுச் செல்லும் இடம் வந்தபோது இருந்தவாறே இருக்குமாயின், நாம் நல்ல விருந்தினர். அத்தகைய விருந்தினராய் வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.