நாலு நாமினேஷன்... நோ அவார்டு!

நியூயார்க் பிராட்வே நாடகக்காரர்களுக்கு டோனி விருதுதான் ஆஸ்கர். ஆண் நடிகர்கள் மோதும் பிரிவுகள் அதில் நாலு. இசை நாடகத்தில் ஹீரோ, துணை நடிகர். வசன நாடகத்தில் ஹீரோ, துணை நடிகர். 2004-லிருந்து 2009-க்குள் இந்த நாலுக்குமே நாமினேட் ஆனவர் ரவுல் எஸ்பார்சா. கிடைச்சது? ஒண்ணுகூட இல்லை பாஸ்!

ரொம்ப வலிக்கிறது 2007-தான். ஸ்டீபன் சாண்ட்ஹைம் இசையமைத்த 'கம்பெனி' நாடகத்தை மறுபடி மேடையேற்றினாங்க. 35 வயசு பேச்சிலர் பாபியாக எஸ்பார்சா. இதில் நடிகர்களேதான் ஆர்க்கெஸ்ட்ரா! சுற்றியிருக்கும் ஜோடிகள் வாத்தியம் வாசிச்சுக்கிட்டே நடிக்க, பாபி ஒதுங்கி நின்னு வேடிக்கை பார்ப்பார். யார்கூடவும் ஒட்டாத மனுஷன்னு வசனம் இல்லாமலே புரிஞ்சுடும். கிளைமாக்ஸில் மெள்ள பியானோ முன்னால் உட்கார்ந்து, தானே வாசிச்சு, தயங்கித் தயங்கிப் பாட ஆரம்பிப்பார். குரல் ஏற ஏற, பூட்டிவெச்ச மனசு திறக்கும். சான்ஸே இல்லை!

மறுமேடையேறிய சிறந்த இசை நாடகத்துக்கான டோனி அந்த வருஷம் 'கம்பெனி'க்குத்தான். சிறந்த நடிகர் விருதோ, 'கர்டெயின்ஸ்' நாயகன் டேவிட் ஹைட் பியர்ஸுக்கு. டீமுக்குக் கப், கேப்டனுக்குக் கைகுலுக்கல்!

நாடகத்தைப் படம்பிடிச்சு 2008-ல் அமெரிக்க டி.வி-யில் காட்டினாங்க. டி.வி.டி-யும் வந்தது. கிடைச்சா அந்தக் கடைசிப் பாட்டையாவது பாருங்க. அப்புறம் சொல்லுங்க, நீங்க யாருக்குக் கொடுத்திருப்பீங்க?