கூட்டிக் கழித்தால் நியாயம் வராது

கற்பனை உலகத்துச் சீட்டு விளையாட்டு ஒன்றைச் சொந்தமாகச் செய்ய உட்காருகிறவர்கள், முதல் சீட்டை வரைவதற்கு முன்பே ஒரு விலைப்பட்டியல் போட்டுவிடுகிறார்கள். தாக்கும் பலத்துக்கு இத்தனை புள்ளி, தாங்கும் பலத்துக்கு இத்தனை, பறக்கத் தெரிந்தால் ஒன்று கூட, சாபம் இருந்தால் ஒன்று கழிவு. எல்லாவற்றையும் கூட்டி ஒவ்வொரு சீட்டும் பத்துக்கு வந்துவிட்டால் ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டதாம். விடுமுறையில் நோட்டு அட்டையைக் கத்தரித்து விளையாடும் சிறுவர்களிலிருந்து, எக்செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு செயலி எழுதும் பொறியாளர்கள் வரை எல்லாரிடமும் இதே நம்பிக்கை. இது தவறு. நல்ல ஆட்டங்களைக் கருவிலேயே கொன்றுவிடும் தவறு.

ராமாயணத்து வாலியை ஒரு சீட்டில் எழுதிப் பாருங்கள். எதிரே நின்று போரிடுகிறவரின் பலத்தில் பாதி அவனுக்கு வந்துவிடும். இதற்கு எத்தனை புள்ளி போடுவீர்கள்? எதிரியின் பலம் 2 என்றால் வாலிக்குக் கூடுவது 1. எதிரி 10 என்றால் கூடுவது 5. சில்லறை வீரர்களை நிறைய இறக்குகிறவனிடம் வாலி வீண்செலவு. ஒரே ஒரு மாவீரனை நம்பியிருப்பவனுக்கு அவன் எமன். மறைந்திருந்து எய்யும் அம்பு ஒன்று எதிராளியின் கட்டில் இருந்துவிட்டாலோ கதையே வேறு. எய்கிறவன் எதிரே வரவே தேவையில்லை. பாதி பலமும் போகாது. ஆக, வாலியின் விலை வாலியின் சீட்டில் எழுதப்படவில்லை. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார், அவர் கையில் என்ன இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கர்ணனின் சக்தி ஆயுதமும் அப்படித்தான். ஒரே ஒரு முறைதான் எய்யலாம், பட்டவன் பிழைக்கமாட்டான். பட்டியல்காரர் இதைப் பார்த்ததும் 'ஒருமுறை மட்டும்' என்பதற்காக இரண்டு புள்ளி கழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் எதிரணியில் ஒரு கடோத்கசன் இருக்கிறானா என்பதுதான் கேள்வி. இருந்தால் அர்ஜுனனுக்காக வைத்திருந்த ஆயுதம் கடோத்கசன் மேல் செலவாகிப்போகும். இல்லாவிட்டால் அர்ஜுனன் ஒவ்வொரு சுற்றிலும் பயந்துகொண்டே ஆடவேண்டும். கழித்த இரண்டு புள்ளி இந்த இரண்டு நிலைமைகளில் எதற்குப் பொருந்தும்? எதற்கும் பொருந்தாது.

ஒவ்வொரு சீட்டும் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தால்தான் ஆட்டம் நியாயமாகும் என்பவர்கள், நம் பக்கத்து ஆட்டங்களையே கவனித்ததில்லை. யாழ்ப்பாணத்தார் ஆடும் முந்நூற்று நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். 32 சீட்டு, நான்கு பேர், ஆளுக்கு எட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கு 304. கேரளத்தார் ஆடும் இருபத்தெட்டிலும் இதே கதை: ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, மீதி எல்லாம் பூஜ்யம். ராஜாவைவிட ஒன்பது பெரிது; பாதிக் கட்டு மதிப்பே இல்லாதது. பட்டியல்காரர் கணக்கில் இதைவிட அநியாயமான கட்டு இருக்க முடியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக மக்கள் இதை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சீட்டு சரியில்லை என்று ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஏன் போகவில்லை? நியாயம் சீட்டுக்குள் இல்லை, ஆட்டத்தின் விதியில் இருக்கிறது. முதல் நான்கு சீட்டு கைக்கு வந்ததுமே ஏலம் தொடங்கிவிடுகிறது. நல்ல கை வந்தவர் சும்மா ஜெயித்துவிட முடியாது. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லி, அதை எடுத்தும் காட்டவேண்டும். பலம் கூடினால் பொறுப்பும் கூடுகிறது. துருப்பு எது என்பது கவிழ்த்து வைக்கப்படுகிறது. அது திறக்கும்போது, பூஜ்யம் மதிப்புள்ள துருப்பு ஏழு வேறு வகை ஜாக்கியை வெட்டி, 30 புள்ளியை அள்ளிக்கொண்டு போகும். ஏழின் விலை பூஜ்யமா, முப்பதா? பட்டியலில் எழுத முடியாது. அந்த நிமிடத்தில்தான் தெரியும்.

தசாவதாரக் கஞ்சிஃபா இதைவிட ஒரு படி மேலே போகிறது. பத்து அவதாரத்துக்குப் பத்து வகை, வகைக்குப் பன்னிரண்டு சீட்டு, மொத்தம் 120. ஐந்து வகைகளில் எண் கூடக் கூட பலம் கூடும். மற்ற ஐந்தில் எண் குறையக் குறைய பலம் கூடும். ஒரே 'பத்து' ஓரிடத்தில் உயர்ந்தது, இன்னோரிடத்தில் தாழ்ந்தது. பகலில் ஆடினால் ராமர் முதலில் இறங்குவார், இரவில் ஆடினால் கிருஷ்ணர். பொழுது சாய்ந்தால் சீட்டின் தகுதி மாறும் ஆட்டத்தை வைத்திருந்தவர்கள் நாம். மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் புதிது புதிதாகக் கட்டுகளை வகுத்துக்கொண்டிருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். நம் பிள்ளைகள் இன்றைக்கு எக்செல்லில் வந்து நிற்பது முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் புள்ளிக்கணக்கு நம்பிக்கைக்குப் பெரிய அடி, வாங்கிச் சேர்த்து ஆடும் கற்பனைச் சீட்டு விளையாட்டு பிறந்த இடத்திலேயே விழுந்தது. 1993-இல் அமெரிக்காவில் 'மேஜிக்: தி கேதரிங்' வெளிவந்தது. அதைச் செய்த ரிச்சர்ட் கார்ஃபீல்டு சேர்வியலில் ஆய்வுப் பட்டம் பெற்ற கணிதவியலாளர். எண்ணத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த முதல் தொகுப்பில் ஐந்து நிறங்களுக்கு ஐந்து சீட்டுகள், எல்லாவற்றுக்கும் ஒரே விலை: ஒரு மானா, அதாவது சீட்டை இறக்கச் செலவிடும் மந்திர ஆற்றலில் ஓர் அலகு. எல்லாவற்றிலும் கிடைப்பது 'மூன்று'. ஒன்று மூன்று உயிர்ப்புள்ளி தரும். ஒன்று மூன்று அடி கொடுக்கும். ஒன்று ஒரு மிருகத்தை அந்தச் சுற்று முடியும்வரை மூன்றுக்கு மூன்று வளர்த்துவிடும். ஒன்று மூன்று மானா தரும். ஐந்தாவது மூன்று சீட்டு எடுக்க விடும்.

பட்டியல்காரருக்கு இது கனவுக் கட்டு: விலை ஒன்று, பலன் மூன்று, ஐந்துக்கும் ஒரே அளவு. நடந்ததோ வேறு. உயிர்ப்புள்ளி தரும் 'ஹீலிங் சால்வ்' யாரும் சீந்தாத சீட்டாயிற்று. மூன்று சீட்டு எடுக்கவிடும் 'ஆன்செஸ்ட்ரல் ரீகால்', 1994-இல் போட்டிக் கட்டுப்பாடு வந்தபோது ஒரு கட்டுக்கு ஒன்றுதான் என்று அடக்கி வைக்கப்பட்டது. உயிர்ப்புள்ளி தோல்வியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். புதிய சீட்டு, இன்னும் மூன்று வழிகளைத் திறந்துவிடும். இரண்டையும் ஒரே 'மூன்று' என்று எழுதினால் அவை ஒன்றாகிவிடுமா?

இந்த இடத்தில் இன்னொரு சமாதானம் வரும்: பலமான சீட்டை அபூர்வமாக்கிவிட்டால் போதும், எல்லாருக்கும் கிடைக்காதல்லவா என்று. ஆன்செஸ்ட்ரல் ரீகாலும் அபூர்வச் சீட்டாகத்தான் அச்சானது. அதன் நான்கு உடன்பிறப்புகளும் சாதாரண வகை. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் கொஞ்சம்தான் வாங்குவார்கள், அந்தச் சீட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்படும் என்ற எதிர்பார்ப்பு. ஆனால் ஜெயிக்க ஆசைப்பட்டவர்கள் காசைக் கொட்டித் தேடித்தேடி வாங்கினார்கள். ஒரே சீட்டை எத்தனை வேண்டுமானாலும் கட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த அந்த ஆரம்ப நாட்களில், அபூர்வம் என்ற வேலி பணப்பை வரைக்கும்தான் நின்றது. அபூர்வம் ஆட்டத்தைச் சமப்படுத்தாது. பணம் இருப்பவன் ஜெயிக்கட்டும் என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது.

பத்தாண்டு அனுபவமும் சம்பளம் வாங்கும் சோதனையாளர்களும் வந்தபிறகாவது இந்த நோய் தீர்ந்ததா? 2004 பிப்ரவரியில் மேஜிக்கை வெளியிட்ட நிறுவனம் 'ஸ்கல்கிளாம்ப்' என்ற சீட்டை வெளியிட்டது. விலை ஒன்று, மாட்டிக்கொள்ள இன்னொரு ஒன்று. மாட்டிய வீரனுக்குத் தாக்கும் பலம் ஒன்று கூடும், தாங்கும் பலம் ஒன்று குறையும். அவன் செத்தால் இரண்டு சீட்டு எடுக்கலாம். காகிதத்தில் அந்த 'ஒன்று குறையும்' ஒரு குறைபாடு. கழிவுப் புள்ளி போடவேண்டிய இடம். ஆட்டக்காரர்களுக்கோ அதுதான் வரமாயிற்று. தாங்கும் பலம் ஒன்றே உள்ள சின்ன வீரனுக்கு மாட்டினால் உடனே சாவான், கையில் இரண்டு சீட்டு. மலிவான வீரர்களை வரிசையாகப் பலி கொடுத்துக் கை நிறையச் சீட்டு வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூனில் முக்கியப் போட்டி வடிவத்திலிருந்து அதைத் தடைசெய்தார்கள். குறை எது, நிறை எது என்பதையே தனிச் சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாதபோது, அதற்குப் புள்ளி போடுவது எப்படி?

நான் இதை எழுதுவது விருத்தாசலத்திலிருந்து. இந்த ஊர்ப் பிள்ளைகளும் அதே பட்டியலைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் எனக்கு அதிகக் கோபம். பீங்கான் ஊரில் பிறந்தவர்களுக்கு இந்தப் பாடத்தைத் தனியாகச் சொல்லவேண்டியதே இல்லை. களிமண் தரமானது, அதன்மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸும் தரமானது என்பதால் கோப்பை நன்றாக வந்துவிடுவதில்லை. சுட்டபின் சூளை ஆறும்போது இரண்டும் சுருங்கும். கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் மேற்பரப்பு முழுக்க மயிரிழை விரிசல். மிகக் குறைவாகச் சுருங்கினால் விளிம்பில் செதில் செதிலாகப் பெயரும். இரண்டும் துல்லியமாக ஒரே அளவு சுருங்குவதும் தேர்ந்த கைகளின் இலக்கு அல்ல. கிளேஸ் ஒரு மயிரிழை குறைவாகச் சுருங்கி, மண்ணின் பிடியில் லேசாக இறுகியிருக்கவேண்டும். அப்போதுதான் பாத்திரம் உறுதி. தனித்தனியே தரம் பார்ப்பதால் இது தெரியாது. சமமாக்குவதாலும் வராது. ஒன்றோடொன்று பொருந்துவதுதான் எல்லாம்.

கணக்கே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் சேகர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தந்த வாய்பாட்டை வைத்துத்தான் கிளேஸின் கலவையை இன்றும் எழுதுகிறார்கள். ஆனால் வாய்பாடு சரியாக வந்துவிட்டது என்று யாரும் சூளை நிறையக் கோப்பை அடுக்குவதில்லை. சின்னச் சோதனைச் சில்லு சுட்டுப் பார்க்கிறார்கள். விலைப்பட்டியலின் இடமும் அதுதான். இரண்டு மானாவுக்கு இரண்டுக்கு இரண்டு பலமுள்ள ஒரு சாதாரண வீரன், இதைவிட மேலா கீழா என்று முதல் மதிப்பீடு போட ஓர் அளவுகோல். மதிப்பீட்டையே தீர்ப்பு என்று எழுதும்போதுதான் கேடு வருகிறது.

விலையை ஏற்றினால் தீராத பிரச்சினை இல்லை என்பவர்கள் 'ஹார்த்ஸ்டோன்' கணினி ஆட்டத்தைப் பார்க்கட்டும். அதில் மிருகம் ஒன்றை இறக்கும்போதெல்லாம் ஒரு சீட்டு எடுக்கவிடும் பிணந்தின்னிக் கழுகு ஒன்று இருந்தது. வேட்டை நாய்களைக் கூட்டமாக இறக்கும் சீட்டோடு சேர்ந்ததும் அது அடங்காமல் போயிற்று. 2014-இல் அதன் விலையை 2-லிருந்து 5-ஆக ஏற்றினார்கள். கழுகைக் கிட்டத்தட்ட யாருமே கட்டில் வைக்காமல் போனார்கள். சிக்கல் இரண்டு சீட்டுகளின் உறவில் இருந்தது; தண்டனை ஒரு சீட்டின் விலைக்குக் கிடைத்தது. இதைச் சமநிலை என்று சொல்வது, சண்டை போட்ட இருவரில் ஒருவனை ஊரைவிட்டே அனுப்பிவிட்டு சமாதானம் ஆகிவிட்டது என்பதற்குச் சமம்.

சொந்தமாகச் சீட்டுச் செய்கிறவர்களுக்கு நிறுவனங்களுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. அச்சாகி உலகம் முழுக்கப் போன சீட்டைத் திரும்ப வாங்க முடியாது. பென்சிலால் எழுதிய சீட்டை அடுத்த ஆட்டத்துக்குள் அழித்து எழுதலாம். ஆகவே முதலில் சீட்டை எழுதாதீர்கள். ஆட்டத்தில் எது தட்டுப்பாடு என்பதைத் தீர்மானியுங்கள். கையில் சீட்டா, களத்தில் இடமா, நேரமா? தட்டுப்பாடான பொருளைத் தரும் சீட்டின்மேல் எப்போதும் சந்தேகக் கண் வையுங்கள். பலமான சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கடோத்கசனை, ஒரு மறைந்த அம்பைக் கட்டில் போடுங்கள். அப்படிப் போட்டதை எல்லார் கைக்கும் எட்டும்படி வையுங்கள். நீங்கள் ஜெயிக்க ஆடாதீர்கள். உங்கள் ஆட்டத்தை உடைக்கத் துடிக்கும் நண்பனை எதிரே உட்காரவையுங்கள். அவன் உடைத்துக் காட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே சீட்டு எல்லாக் கட்டிலும் நுழைகிறதா, எந்தக் கட்டிலும் நுழையாத சீட்டு எது என்று மட்டும் எண்ணுங்கள். எண்ணவேண்டிய எண் அதுதான்.

பத்துப் புள்ளி போட்ட சீட்டை நீட்டி, "இது சமநிலைதானே?" என்று இனி யாராவது கேட்டால் திருப்பிக் கேளுங்கள்: எந்தக் கட்டில், யாருக்கு எதிரே, எத்தனையாவது சுற்றில்? அதற்குப் பதில் இல்லையென்றால், மந்திரவாதிகளும் அரக்கர்களும் நிறைந்த அந்தக் கட்டிலேயே மிகப் பெரிய கற்பனை அந்தப் பத்துதான்.